வீட்டுத்திட்டச் சங்கத்தை நடத்துவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு

வீட்டுத்திட்டம் ஒன்றில் குடியேறிய முதல் ஆண்டில் சங்கம் தேவை என்று எவருக்கும் தோன்றுவதில்லை. தெருவிளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, வடிகான் புதிதாகக் கட்டியபடியே இருக்கிறது. வாடைக்காற்றோடு மழை இறங்கி, வடிகானுக்குள் மணல் நிறைந்து, வெள்ளம் முற்றத்துக்குள் ஏறும்போதுதான் அந்த வடிகான் யாருடையது, அதைத் துப்புரவாக்க வேண்டியவர் யார், அதற்கான காசு எங்கே என்ற கேள்விகள் பிறக்கின்றன. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்தில் 40 வீடுகள் கொண்ட ஒரு திட்டத்தில் எட்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், புதிதாகத் தலைவராகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ தெரிவாகும் ஒருவர் எதை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் சங்கம் எந்த வகையைச் சேர்ந்தது?

இதைத் தெளிவாக்காமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. நீங்கள் வசிப்பது தனித்தனி உறுதியோடு வாங்கப்பட்ட தொடர்மாடி வீடாயின், தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும் உங்களுக்குப் பொருந்தும். அந்தச் சட்டப்படி, கட்டடத்தின் வரைபடம் பதிவு செய்யப்பட்டதும் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உருவாகிறது. அது வழக்குத் தொடுக்கலாம், அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் குறிக்கப்பட்ட பங்குப் பெறுமதியைக் கொண்டே பராமரிப்புக் கட்டணமும் வாக்குரிமையும் கணிக்கப்படுகின்றன. செலுத்தாதவரிடமிருந்து கட்டணத்தைக் கடனாக அறவிடச் சட்டம் இடம் தருகிறது. இவற்றை மேற்பார்வை செய்வது கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையாகும்.

தனித்தனி வளவுகளில் தனித்தனி வீடுகள் உள்ள திட்டமாயின் நிலைமை வேறு. அங்கே அமைவது உறுப்பினர்கள் தாமாக விரும்பிச் சேரும் சங்கம். அதன் பலம் முழுவதும் யாப்பிலும், யாப்புக்கு உறுப்பினர்கள் இட்ட கையொப்பத்திலும், சங்கத்தின் மீது அயலவர் வைக்கும் நம்பிக்கையிலும்தான் இருக்கிறது. இந்த நகரைச் சுற்றியுள்ள திட்டங்களில் நான் அறிந்தவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை ஆதலால், இனிச் சொல்வது முக்கியமாக அவற்றுக்கே உரியது. ஆயினும் கணக்கு வைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாவதாக, பொதுச் சொத்தின் பட்டியலைத் தயாரியுங்கள். இதற்கு நில அளவைப் படம் வேண்டும். காணி பிரித்தபோது வரைந்த படத்தின் பிரதி எவரேனும் ஒருவருடைய உறுதியோடு இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, எந்த வீதி, எந்த வடிகான், எந்தத் திறந்த வெளி பொதுவானது என்று நேரில் நடந்து பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். அவற்றுள் எவை ஏற்கெனவே உள்ளூராட்சி சபையிடம் கையளிக்கப்பட்டவை என்பதையும் எழுத்தில் கேட்டறிய வேண்டும். சபைக்குரிய வீதியில் விளக்கு எரியாவிட்டால் சங்கம் செய்ய வேண்டியது சபைக்கு ஒரு கடிதம் கொடுப்பதுதான்; சங்கத்தின் காசில் விளக்கு வாங்குவது அன்று. எங்கள் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் சபையின் பொறுப்பில் இருந்த ஒரு மதகைச் சங்கக் காசில் இருமுறை திருத்தினோம். படத்தைப் பார்த்த பின்னரே அது தெரியவந்தது.

தொடக்கக் கூட்டமும் யாப்பும்

கூட்டத்துக்கான அறிவித்தலை இரண்டு கிழமைக்கு முன்னரே ஒவ்வொரு வீட்டிலும் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் ஊரில் ஒரே வீதியில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் இருப்பது வழமை. ஆகவே அறிவித்தல் இரு மொழியிலும் இருக்க வேண்டும்; வெள்ளிக்கிழமை நண்பகலையும் போயா நாளையும் கோணேசர் கோயில் திருவிழா நாட்களையும் தவிர்க்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் நான்கரை மணி எங்களுக்குப் பொருந்தியது. கூட்டத்துக்கு வர முடியாத ஒருவரே பிற்காலத்தில் அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை முதலில் எதிர்ப்பவராக இருப்பார் என்பதால் நாள் குறிப்பதில் காட்டும் கவனம் வீண்போகாது.

யாப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான்கு பக்கம் போதும். ஆனால் சில விடயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: உறுப்பினர் யார், வீட்டு உரிமையாளரா அல்லது வாடகைக்கு இருப்பவருமா; வீட்டுக்கு ஒரு வாக்கா அல்லது ஆளுக்கு ஒரு வாக்கா; கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும்; நிர்வாகக் குழு பொதுச்சபையைக் கேட்காமல் எவ்வளவு காசு வரை செலவிடலாம்; காசோலையில் யார் யார் கையொப்பமிடுவது; யாப்பைத் திருத்த எத்தனை பங்கு ஆதரவு வேண்டும்; சங்கம் கலைந்தால் அதன் காசு எங்கே போகும். கடைசி விடயத்தை எழுதத் தயங்குவார்கள், அபசகுனம் போல இருக்கும். எழுதியே ஆக வேண்டும்.

வாடகைக்கு இருப்போர் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, வீட்டில் வாழ்பவர் வாடகைக்காரராக இருக்கும்போது, விதிகளைக் கைக்கொள்ள வேண்டியவரும் தண்ணீர் இல்லாமல் துன்பப்படுபவரும் அவர்தான். அவருக்குக் கூட்டத்தில் பேசும் உரிமையும் அன்றாட விடயங்களில் வாக்கும் கொடுங்கள். பெரிய முதலீடு பற்றிய வாக்கை மட்டும் உரிமையாளருக்கு, எழுத்து மூல அதிகாரத்தோடு, ஒதுக்குங்கள்.

யாப்பு நிறைவேறியதும் அதன் பிரதியையும் கூட்ட அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரின் வழிகாட்டலோடு, உங்கள் பிரதேச செயலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யும் வழியைக் கேளுங்கள். நகரை அண்டிய திட்டங்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பதிவுச் சான்றிதழ் இருந்தால் வங்கிக் கணக்குத் திறப்பது இலகுவாகும். கணக்கைத் திறக்கும் தீர்மானம், கையொப்பமிடுவோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியன கூட்ட அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். மூவரைக் கையொப்பக்காரராக்கி, அவர்களுள் எவரேனும் இருவர் கையொப்பமிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவருள் இருவர் ஒரே குடும்பத்தவராக இருக்கலாகாது. சங்கத்தின் காசு ஒருநாளேனும் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கில் இருக்கக் கூடாது. அந்த ஆள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த விதி மாறாது.

சந்தா எவ்வளவு?

பெரும்பாலான சங்கங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மாதம் 500 ரூபாய் போடுவம், எல்லாருக்கும் கட்டக்கூடியதா இருக்கும்" என்பார், மற்றவர்கள் தலையசைப்பார்கள். செலவு என்னவென்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் செலவை எழுத வேண்டும், பின்னர் அதை வீடுகளால் வகுக்க வேண்டும்.

எங்கள் திட்டத்தின் அளவையே உதாரணமாக எடுத்து, இலகுவான எண்களில் காட்டுகிறேன். வீடுகள் 40. பொதுக் கிணற்றின் நீர்ப்பம்பிக்கும் உட்பாதை விளக்குகளுக்கும் மின்கட்டணம் மாதம் 14,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 168,000. பகுதிநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 20,000 என்றால் 240,000. தண்ணீர்த் தாங்கியை ஆண்டுக்கு இருமுறை கழுவ 24,000. புரட்டாதியில், மாரி தொடங்குமுன், வடிகான்களில் மணல் அள்ள 30,000. காகிதம், பற்றுச்சீட்டுப் புத்தகம், கூட்டச் செலவு 18,000. மொத்தம் 480,000 ரூபாய். 40 வீடுகளுக்கு வகுத்தால் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் சங்கம் ஓராண்டு ஓடும், இரண்டாம் ஆண்டு தள்ளாடும். பம்பி, தாங்கியின் இரும்புத் தாங்குசட்டம், விளக்குகள் ஆகியவை தேய்ந்து போகும் சொத்துகள். கடற்கரையை அண்டிய எங்கள் பகுதியில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடுகிறது. படலைப் பிணைச்சலில் மே மாதம் பூசிய வர்ணம் அடுத்த மாரிக்குள் உப்பிக் கொப்பளிப்பதைக் கண்ணால் காணலாம். ஆகவே ஒதுக்கு நிதி ஒன்று வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பம்பி 120,000 என்றால் ஆண்டுக்கு 24,000. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாங்குசட்டத்தைச் சுரண்டி வர்ணம் பூசவும் குழாய் மாற்றவும் 180,000 என்றால் ஆண்டுக்கு 60,000. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விளக்குகளுக்கு 60,000 என்றால் ஆண்டுக்கு 12,000. கூட்டினால் 96,000. அது வீட்டுக்கு மாதம் 200 ரூபாய். இப்போது சந்தா 1,200.

இன்னும் ஒரு திருத்தம் உண்டு. 40 வீடுகளும் தவறாமல் கட்டும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். எப்போதும் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும், ஒருவருக்கு வேலை போயிருக்கும், ஒருவர் வெளிநாடு சென்றிருப்பார். 36 வீடுகள் கட்டுவதாகக் கொண்டு, ஆண்டுத் தேவையான 576,000 ரூபாயை வகுத்தால் மாதம் ஏறத்தாழ 1,333 வரும். அதை 1,350 ஆக்குங்கள். மிகுதி வந்தால் அது ஒதுக்கு நிதிக்குச் செல்லட்டும். 500 ரூபாய் என்று தலையசைத்த அதே மக்கள், இந்தக் கணக்கைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதிக் காட்டும்போது 1,350 ரூபாய்க்கும் கை உயர்த்துகிறார்கள். நான் அதை நேரில் கண்டேன்.

கண்டதற்கு முன் பட்டதும் உண்டு. நாங்கள் 500 ரூபாய் வாங்கிய காலத்தில் ஒரு மார்கழி மாதம் பம்பியின் கொயில் எரிந்தது. வங்கியில் ஏழாயிரத்துச் சொச்சம் இருந்தது. சந்தா ஒழுங்காகக் கட்டியவர்கள், கட்டாதவர்கள் எல்லோரும் மூன்று நாள் கொட்டும் மழையில் வாளியோடு கிணற்றடியில் நின்றார்கள். வீடு வீடாகச் சென்று இரண்டாயிரம் இரண்டாயிரமாக வாங்கித்தான் மோட்டாரைத் திருத்தினோம். அதற்கு அடுத்த பொதுக்கூட்டத்தில்தான் ஒதுக்கு நிதித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒதுக்கு நிதியை வேறு கணக்கில், முடிந்தால் நிலையான வைப்பில் வையுங்கள். பொதுச்சபையின் தீர்மானம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று யாப்பில் எழுதுங்கள்.

பற்றுச்சீட்டும் காசேடும்

இலக்கமிட்ட, இரட்டைப் பிரதியுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று, காசேடு ஒன்று, வீட்டுக்கு ஒரு பக்கம் வீதம் சந்தாப் பதிவேடு ஒன்று, செலவுச் சிட்டைகளைத் திகதி வாரியாகக் கோக்கும் கோவை ஒன்று. தொடக்கத்தில் இவை போதும். கணினியில் எக்செல் அட்டவணை வைத்திருப்பது நல்லது. ஆனால் உறுப்பினர் கையில் கடதாசிப் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும்.

அது ஏன் என்பதற்கு ஒரு நிகழ்வு. ஓராண்டு நிலுவைப் பட்டியலைத் தயாரித்து அறிவித்தல் பலகையில் ஒட்ட ஆயத்தமாக இருந்தேன். 17ஆம் இலக்க வீட்டு அம்மாவுக்கு நான்கு மாத நிலுவை என்று இருந்தது. ஒட்டுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். அவர் உள்ளே சென்று பழைய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். மாத வரிசையில் அடுக்கி, றப்பர் வளையம் போட்ட பற்றுச்சீட்டுகள். "தம்பி, அவர் இருந்த காலத்தில இருந்து நான் ஒரு மாசமும் தவற விட்டதில்லை" என்றார். அடிக்கட்டையைப் பார்த்தபோது காரணம் விளங்கியது: அந்த நான்கு மாதமும் காசு வாங்கியவர் 17ஐ 11 போல எழுதியிருந்தார், அது 11ஆம் வீட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. பட்டியல் பலகையில் ஏறியிருந்தால் அந்த அம்மாவின் முகத்தை என்னால் பிறகு பார்த்திருக்க முடியாது. அன்று முதல் பற்றுச்சீட்டில் வீட்டு இலக்கத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினோம். எந்த நிலுவைப் பட்டியலையும் பெயரோடு பலகையில் ஒட்டுவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

அன்றாட ஒழுங்கு இதுதான். வாங்கிய காசை மூன்று நாளுக்குள் வங்கியில் இடுங்கள். வரும் காசிலிருந்து நேரடியாகச் செலவு செய்யாதீர்கள். எல்லா வரவும் வங்கிக்குப் போய், எல்லாச் செலவும் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ வந்தால் வங்கிக் கூற்றே இரண்டாவது காசேடாக நின்று உங்களைக் காக்கும். சிறு செலவுக்குச் சில்லறைக் காசாக 5,000 ரூபாய் செயலாளரிடம் இருக்கலாம்; சிட்டை கொடுத்த அளவுக்கு மட்டும் அதை மீள நிரப்புங்கள். சிட்டை தராத கூலியாளுக்குக் கொடுத்தால் வெள்ளைத்தாளில் வேலை, திகதி, தொகை எழுதி அவருடைய கையொப்பம் வாங்குங்கள். மாத முடிவில் காசேட்டு மீதியை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு, வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். எங்கள் திட்டத்தில் கணக்குப் பற்றிய கசப்பான பேச்சு நின்றது இந்த ஒரு தாளால்தான். தொகை குறைவாக இருப்பதை மக்கள் பொறுப்பார்கள், தொகை தெரியாமல் இருப்பதைப் பொறுக்க மாட்டார்கள்.

நிலுவை

நிலுவைக்காரரிடம் முதல் மாதம் வாய்ச்சொல்லால் நினைவூட்டுங்கள். மூன்றாம் மாதம் செயலாளரும் இன்னொரு குழு உறுப்பினரும் வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேளுங்கள். கட்ட முடியாதவர் யார், கட்ட விரும்பாதவர் யார் என்பது அந்தத் திண்ணையில்தான் தெரியும். தொழிலுக்குப் போக முடியாத மாதங்களில் கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்றிடம் காசு கேட்பதில் பயனில்லை. பருவம் தொடங்கியதும் மாதம் 500 ரூபாய் கூட்டிக் கட்டும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து கொள்ளலாம். விரும்பாதவர் சொல்லும் காரணத்தையும் செவிமடுங்கள்: பெரும்பாலும் அவருடைய வீட்டு வாசலில் விளக்கு எரிந்திராது, அல்லது அவர் கொடுத்த ஒரு முறைப்பாட்டுக்கு எவரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் யாப்பின்படி வாக்குரிமையை நிறுத்தலாம். ஆனால் தண்ணீரை வெட்டாதீர்கள். அதைச் சங்கம் செய்தால் பிணக்கு காசைத் தாண்டி எங்கோ போய்விடும்.

விதிகளை எழுதும்போது

பத்து விதிகளுக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு விதியையும் எழுதுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதை மீறினால் அயலவருக்கு உண்மையில் தீங்கு உண்டா? இதைக் கண்காணிக்க எங்களால் முடியுமா? வீட்டுச் சுவரின் நிறம் இன்னதாக இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கிணற்று நீர் இறங்கும்போது பம்பி இயங்கும் நேரத்தைக் காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம் என்று வரையறுப்பது இரண்டிலும் தேறும். பொதுப் பாதையில் மணல், கல் கொட்டினால் இத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும் என்பதும், குப்பையை உக்குவது உக்காதது எனப் பிரித்து, சபையின் உழவு இயந்திரம் வரும் நாளில் மட்டும் வெளியே வைப்பது என்பதும் தேவையான விதிகள்.

நுளம்பு பற்றிச் சங்கம் தனியாக விதி இயற்ற வேண்டியதில்லை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வளவின் உரிமையாளர், குடியிருப்பாளர் மீதே அந்தக் கடமையைச் சுமத்துகிறது. சங்கம் மழைக்கு முன் ஒரு சிரமதானத்தை ஒழுங்கு செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்தால் போதும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பீலியும் தாங்கியும்தான் கவனிக்க வேண்டியவை. அவற்றின் திறப்பு யாரிடம் என்ற பட்டியல் செயலாளரிடம் இருக்கட்டும்.

தண்டப்பணத்தை நான் விரும்புவதில்லை. தனி வீடுகளின் சங்கத்துக்கு அதை வற்புறுத்தி அறவிடும் அதிகாரம் இல்லை. விதித்து அறவிட முடியாத தண்டம் மற்ற விதிகளின் மதிப்பையும் கெடுக்கும். பேச்சால் தீராத பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்தச் சபைகளில் சட்டத்தரணி இல்லாமலே இரு பகுதியாரும் இருந்து பேசலாம். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள்.

வேலை கொடுப்பதும் கையளிப்பும்

25,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் மூன்று விலைமனு வாங்குங்கள். குழு உறுப்பினரின் உறவினர் விலைமனு தந்தால் அந்த உறுப்பினர் அந்தத் தீர்மானத்தின்போது வெளியே இருக்க வேண்டும், அதைக் கூட்ட அறிக்கையில் எழுதவும் வேண்டும். முற்பணம் மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். குழாய் வேலையானால் தண்ணீரை ஒருநாள் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே கடைசிப் பகுதியைக் கொடுங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் கணக்கை நிர்வாகக் குழுவில் இல்லாத இருவரிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு திட்டத்திலும் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவரோ வங்கியில் வேலை பார்த்த ஒருவரோ இருப்பார். கேட்டால் மனமுவந்து செய்வார். ஆண்டறிக்கையை வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க நேரம் விடுங்கள், கேள்வியையும் பதிலையும் பெயரோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பொருளாளர் மூன்று ஆண்டுக்கு மேல் அதே பதவியில் இருக்க வேண்டாம். நான் எட்டு ஆண்டு இருந்தது பிழை; எனக்குப் பின் வந்தவர் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

புதிய குழு பொறுப்பேற்ற ஒரு கிழமைக்குள் கையளிப்பு நடக்க வேண்டும். காசேடு, சந்தாப் பதிவேடு, பாவித்ததும் பாவிக்காததுமான பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், காசோலைப் புத்தகம், வைப்புச் சான்றிதழ், யாப்பின் மூலப்பிரதி, பதிவுச் சான்றிதழ், நில அளவைப் படம், மின்சார சபையின் கணக்கு இலக்கம், பம்பியின் உத்தரவாதச் சீட்டு, பம்பிக் கொட்டிலின் திறப்பு இரண்டு. ஒவ்வொன்றையும் எண்ணி, பட்டியலில் இரு பகுதியாரும் கையொப்பமிட்டு, அன்றே வங்கிக்குச் சென்று கையொப்பக்காரரின் பெயர்களை மாற்றிவிடுங்கள்.